கிளிக்குக் கண் வந்த நாள்

தப்பாக அச்சான காசுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்போது ஏழாம் வகுப்பு படித்தேன். எங்கள் குடும்பத்துப் பெண்களில் அத்தனை தூரம் படித்த முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. காசு சேர்ப்பவர்களின் வீடியோக்களை அம்மாவின் செல்போனில் பார்த்துப் பார்த்து, எந்தக் காசு கையில் கிடைத்தாலும் முதலில் அதன் குறையைத் தேடுவேன். நடுவட்டம் ஓரம் ஒதுங்கியிருக்கிறதா, எழுத்து இரண்டு முறை விழுந்திருக்கிறதா, திருப்பினால் மறுபக்கம் சாய்ந்திருக்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்ப்பேன்.

சித்தப்பா வேப்பூர் பஸ்ஸில் கண்டக்டர். பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. கடைக்காரர்கள் வாங்காத காசையெல்லாம் ஜனங்கள் டிக்கெட்டுக்கு நீட்டுவார்கள். மீதியாக அதையே திருப்பிக் கொடுத்தால் சண்டைக்கு வருவார்கள். அவர் பையிலிருந்து சிறப்பு வெளியீட்டுக் காசுகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, பதிலுக்கு என் உண்டியல் சில்லறையைக் கொடுப்பேன். அப்படி ஆறு காசு சேர்ந்தது. ஆறும் குறையே இல்லாத காசுகள்.

“ஒருத்தனும் தப்பே பண்ண மாட்டேங்கறான் சித்தப்பா.”

“பண்ணுவான் பண்ணுவான். ஒன் கண்ணுல பட்டா மானம் போயிடுமேன்னு ஒளிச்சி வச்சிருப்பான்.”

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி, துபாயிலிருந்து அவளுடைய அப்பா கொண்டுவந்த காசைக் காட்டினாள். வண்ணம் பூசிய காசை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். கிளையில் ஒரு கிளி. ஆனால் வண்ணம் முழுக்க வலப்பக்கம் நகர்ந்துபோயிருந்தது. பச்சை கிளைமேல் வழிந்திருந்தது. சிவப்பு அலகு கிளியை விட்டுத் தள்ளி அந்தரத்தில் நின்றது. நான் தேடிக்கொண்டிருந்த குறை அதுதான்.

“எங்க அத்தா பாக்காம வாங்கிட்டாங்கடி” என்று அவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஆமா, பாவம், அசிங்கமாத்தான் இருக்குது” என்றேன். “வேணும்னா நான் வச்சிக்கறேன். என் ஆறு காசையும் எடுத்துக்க.”

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு காசுக்கு ஒரு கோணல் காசா என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதன் மதிப்பை நான் சொல்லவில்லை. தெரிந்தே சொல்லவில்லை.

காசை ஜாமென்ட்ரி பாக்ஸில் காகிதம் சுற்றி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் பள்ளியில் திறந்தபோது காகிதம்தான் இருந்தது. அன்று நடந்த பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

அம்மா அப்போது பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தாள். சூளையிலிருந்து வந்த பொம்மைகளுக்குக் கண்ணும் உதடும் வரைவது அவள் வேலை. ஒரு முடி அகலம் வண்ணம் விலகினாலும் பொம்மை, குறையுள்ளவற்றை ஒதுக்கும் செகண்ட்ஸ் குவியலுக்குப் போய்விடும். மேஸ்திரி வருவதற்குள் விலகியதைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டுவிட வேண்டும். நாள் முழுக்க அவள் கை அதைத்தான் செய்தது.

சாயங்காலம் வந்ததும் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். “ந்தா, ஒன் காசு. காலைல பெட்டியில பேனா வெக்கறப்ப பாத்தேன்.”

கிளி கிளைமேல் சரியாக உட்கார்ந்திருந்தது. அலகு அலகின் இடத்தில் இருந்தது. வழிந்த பச்சை, வண்ணம் துடைக்கும் தின்னரில் கரைந்துபோய், கிளை வெள்ளி நிறத்தில் பளிச்சென்று தெரிந்தது. முன்பு கண்ணே இல்லாத கிளிக்கு இப்போது கண் வந்திருந்தது. கறுப்புப் புள்ளி, அதற்குள் கடுகில் பாதி அளவு வெள்ளைப் பொட்டு.

“யாரோ ஒன் தலையில ஒடசல கட்டிட்டாங்கடி” என்று சிரித்தாள். “சோத்து நேரத்துல ஒக்காந்து சரி பண்ணிட்டேன். எங்க மேஸ்திரியே பாத்துட்டு, எந்த ஊரு காசும்மான்னு கேட்டாரு.”

நான் கத்தினேன். தப்பாக இருந்ததால்தான் அது பெரிய காசு, இனி அதைச் சீந்த ஆளில்லை என்று அழுதேன். கடைசியாக, “படிச்சிருந்தா ஒனக்கு இதெல்லாம் தெரியும்” என்றேன்.

அம்மா காசை எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். “கோணலா இருந்துச்சிடி” என்று மட்டும் சொன்னாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

நாலு நாள் கழித்து அந்தக் காசைத் தோழி பார்த்துவிட்டாள். பறித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். “கிளி என்னயே பாக்குதுடி! ஒன் ஆறு காசையும் நீயே வச்சிக்க, எனக்கு இது போதும்.” பெஞ்சு பெஞ்சாகக் கொண்டுபோய்க் காட்டினாள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அவளும் திரும்பி வந்து அதையே கேட்டாள்.

“யாருடி போட்டது?”

தோழிகளில் ஒருத்திக்கும் என் அம்மா பொம்மை கம்பெனிக்குப் போவது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“பாண்டிச்சேரியில ஒரு கடை இருக்குது. அங்க குடுத்தோம்” என்றேன்.

என் ஆறு காசும் திரும்பி வந்துவிட்டன. எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்றே அன்று தோன்றியது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன், பாண்டிச்சேரியை விட்டுவிட்டு. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பொண்ணுக்குப் புடிச்சிருந்துச்சா?”

“ரொம்பப் புடிச்சிருக்காம். தரவே மாட்டேன்னுட்டா.”

கொஞ்ச நேரம் கீரையை உருவினாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: “யாரு போட்டதுன்னு கேட்டுச்சா?”

“இல்ல, கேக்கல.”

“சரி, போயி மொகம் கழுவு.”

அவள் காசைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு முகம் கழுவப் போனேன்.