இடிந்துவிழும் நிலையில் ஒரு குவார்ட்டர்ஸ்

போர் முடிந்ததும் கண்டோன்மெண்டில் சர்க்காருக்கு வேண்டாத கட்டடங்கள் ஏராளமாக மிஞ்சின. அவற்றைப் பட்டியல் போட்டு ஏலத்தில் விற்கும் ஆபீசில் நான் குமாஸ்தா. காக்ஸ் டவுன் பக்கம் எனக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் மனைவியோடும் மூன்று பெண்களோடும் குடியிருந்தேன். வெளியே வாடகைக்கு ஒரு அறைகூடக் கிடைக்காத காலம் அது.

ஒருநாள் பட்டியலைப் படியெடுக்கும்போது நடுவில் எங்கள் வீட்டு நம்பர் வந்தது. இடித்து, மரத்தையும் ஓடுகளையும் எடுத்துக்கொள்ள ஏலம். காரணம்: 'குடியிருக்க லாயக்கற்றது. இடிந்துவிழும் நிலை.'

அது நானே எழுதிய வாசகம். இரண்டு வருஷத்துக்கு முன் சமையலறையில் நாலைந்து ஓடு மாற்றுவதற்காக எழுதியது. ஓடு உடைந்தது என்று எழுதினால் எங்கள் ஆபீசில் ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். வீடே விழப்போகிறது என்றால்தான் கொத்தனார் வருவார். எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். கொத்தனார் வந்தார், ஓடு மாற்றினார், போனார். என் காகிதம் மட்டும் ஃபைலில் உட்கார்ந்துகொண்டது.

அதிகாரியிடம் போய் நின்றேன்.

"அன்னைக்கு எழுதினது பொய்யின்னு எழுதிக் குடுங்க, லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்" என்றார்.

சர்க்காருக்குப் பொய் அறிக்கை கொடுத்தவனுக்கு வேலை ஏது? வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். எப்படித் திரும்பினாலும் முட்டிக்கொண்டேன். என்மேல் எனக்கே வந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? என் மேஜைக்குத் திரும்பி மிச்சப் பட்டியலைப் படியெடுத்தேன்.

ஏலத்துக்கு முன் கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவதும் என் வேலைதான். ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு மரக்கடைக்காரர் வந்தார். என் வீட்டுக் கதவை நானே வெளியாளாகத் தட்டி, அவரை உள்ளே அழைத்துப் போனேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை. அவர் உத்திரத்தைத் தட்டிப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்து ஆட்டினார். அது அசைந்துகொடுக்கவில்லை.

"என்னா சார் இது, கல்லாட்டம் நிக்குது. நம்ம காலத்துக்கும் விழாது. இதைப் போய் எதுக்கு இடிக்கச் சொல்றீங்கோ?"

ஏலக் காகிதத்தில் உள்ளதைத்தான் நான் சொல்லலாம். பிரித்துப் படித்தேன்.

"குடியிருக்க லாயக்கற்றது. இடிந்துவிழும் நிலை."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கூடத்தில் பாடம் படித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனாள்.

"எழுந்து வெளியே வாங்கடி. வீடு விழப்போவுதாம். உங்க அப்பாவே சொல்றாரு."