கச்சப்பன் இறந்த அமாவாசை

போன ஞாயிற்றுக்கிழமை செவிலிமேட்டில் புதிதாகத் திறந்திருக்கும் வண்ணமீன் கடைக்குள், சும்மா வேடிக்கை பார்க்கலாமே என்று நுழைந்தேன். நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர் பாவம், என்னமோ ஏதோ என்று வாசல்வரை வந்து பார்த்தார். ஒன்றுமில்லை, வாசனைதான். ஆமைகளுக்குப் போடுவதற்கென்று காய்ந்த இறாலை டப்பாவில் அடைத்து விற்பார்கள். யாரோ ஒருவர் அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்துகொண்டிருந்தார். கருவாட்டிலும் சேராது, மருந்திலும் சேராது, அப்படியொரு ரெண்டுங்கெட்டான் வாசனை. முட்டையைக்கூடத் தொடாத என் அம்மாவின் சமையலறையில் அந்த வாசனை சில வருஷங்கள் குடியிருந்தது என்றால் நம்புவீர்களா?

அப்போது நான் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பெனி பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் முனையில் போய் நின்று, தெருவே பார்க்கட்டும் என்று நினைக்கிற வயது. தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். வீட்டில் அப்பா தறி நெய்தார். அண்ணனுக்குப் பட்டுக்கடையில் வேலை. அண்ணி ஏனாத்தூர்க்காரி, விவசாயக் குடும்பம், காதல் கல்யாணம். வந்த புதிதில் அம்மாவும் அண்ணியும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அப்புறம் என்ன மாயமோ, ஒன்றாக உட்கார்ந்து சீரியல் பார்த்து, அதில் வருகிற மாமியாரை இரண்டு பேருமாகச் சேர்ந்து திட்டுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள். நாத்தனார் என்கிற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட.

ஒன்றுதான் குறை. வருஷங்கள் ஓடியும் அண்ணிக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம். ஒருநாள் அண்ணன் சென்னைக்குப் போனவன், கொளத்தூரில் வாங்கியதாக ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு நீராமைக் குஞ்சு. அம்மா அவனை நிலைப்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா! தெரியாதா ஒனக்கு?"

"ஏம்மா, நம்ம ஊர்ல பெருமாளே ஆமையா வந்து சிவனைக் கும்பிட்டுக்கினு இருக்காரு. திங்கக்கெழமையானா நீதான கச்சபேஸ்வரருக்கு ஓடுற? அந்தக் கோயிலு உருப்படாமலா போச்சு?"

அம்மா வழியை விட்டு விலகினாள். கோயிலை வைத்து மடக்கினால் அவள் அடங்கிவிடுவாள் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். ஆமைக்குக் கச்சபம் என்று அண்ணன் பெயர் வைத்தான். அப்பா வாயில் அது கச்சப்பன் ஆகி, ஏதோ தூரத்துப் பங்காளி வீட்டோடு வந்து தங்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அண்ணிதான் தண்ணீர் மாற்றுவாள், இறால் போடுவாள், அதனோடு பேசுவாள். அதிகாலையில் அது தன் முதுகோட்டைத் தொட்டிச் சுவரில் இடிக்கிற டொக் டொக் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருப்போம்.

எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதிக்க வேண்டும். குழி எப்போதும் ஜில்லென்று இருக்கும். பகலில் தொட்டியை விட்டு எடுத்து விட்டால் கச்சப்பன் நேராக அந்தக் குழிக்குத்தான் போகும். அதனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மிதியில் கால் வைக்குமுன் பாதத்தால் குழியை ஒருமுறை துழாவிப் பார்ப்பார். "எங்கப்பா இருக்குற?" என்று கேட்டுவிட்டுத்தான் நெய்வார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஊர் வாயைத்தான் மூட முடியவில்லை. தெருவில் ஒரு வளைகாப்பில், எதிர்வீட்டு அக்கா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "ஆமை இருக்குற வூட்டுல தொட்டில் எப்பிடிமா ஆடும்?" அண்ணி எழுந்து வந்துவிட்டாள். அம்மா அங்கேயே நின்று அந்த அக்காவைக் கிழி கிழி என்று கிழித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின், வெகுநேரம் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அதைக் கவனித்தோம்.

அடுத்து வந்த அமாவாசையில் அது நடந்தது. அமாவாசைக்கு எங்கள் வீட்டில் தறி ஓடாது. அப்பா தர்ப்பணம் முடித்து, சாப்பிட்டுவிட்டு, ஓரிக்கையில் ஒரு சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தார். அண்ணனும் அண்ணியும் ஏனாத்தூரில். கம்பெனிக்கு ஏது அமாவாசை, நான் வேலையில். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்.

சாயங்காலம் நான் உள்ளே வரும்போது, ஊரிலிருந்து திரும்பியிருந்த அண்ணி தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கச்சப்பன் கழுத்தை முழுக்க வெளியே நீட்டியபடி செத்துக் கிடந்தது. அவ்வளவு நீளக் கழுத்து அதற்கு இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. காயம் இல்லை, கீறல் இல்லை. அப்பா வந்து தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். சோப்பு, சோடா, சாயம், ஒரு வாசனையும் இல்லை. சுத்தமான குழாய்த் தண்ணீர்.

"என்னா ஆச்சு அத்தை?"

"தெரியலியேம்மா. மத்தியானம் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

அப்பா கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். அம்மா, உறவில் யாரோ தவறிவிட்ட மாதிரி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு வந்தாள். எங்கே என்பதை எதிர்வீட்டு அக்கா வந்து அண்ணியிடம் சொன்னாள்.

"ஒங்க மாமியாரை வரதராஜப் பெருமாள் கோயில்ல பாத்தேன்மா. தங்கப் பல்லியத் தொட்டுக்கினு நின்னாங்க. என்னா பாவம் பண்ணாங்களோ!"

கோயில் கூரையில் பதித்திருக்கும் அந்தப் பல்லியை வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். எங்களுக்கு அது அவசரத்துக்கு ஓடுகிற இடம். பல்லி மேலே விழுந்தாலும் போவோம், கதவிடுக்கில் தெரியாமல் பல்லியை நசுக்கிவிட்டாலும் போவோம். தொட்டால் தோஷம் தீர்ந்தது. அம்மாவோ சிவன் கோயில்காரி, கருடசேவைக்குத் தவிர, பெருமாள் கோயில் இருக்கிற சின்ன காஞ்சிபுரம் பக்கம் எட்டிப் பார்க்காதவள். அவள் எதற்கு அங்கே போனாள்? பல்லியைக் கொன்ற பாவம் அங்கே தீரும் என்றால் ஆமையைக் கொன்ற பாவம் தீராதா? அண்ணி அப்படித்தான் நினைத்தாள். ஊரில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஆனால் கோயில் விஷயத்தை அண்ணி வாய்விட்டு அம்மாவிடம் கேட்கவில்லை. நான் ஒருமுறை, காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ம்மா, அன்னிக்கு அந்த ஆமைய நீ ஏதாச்சும்..."

"நீயுமா?" என்றாள் அம்மா. பிறகு காயைத்தான் நறுக்கினாள்.

கொஞ்ச நாளில் அண்ணி உண்டானாள். தெரு முழுக்க "பாத்தியா, பாத்தியா" என்றது. கோயில் கோயிலாகச் சுற்றிய வயிறு திறந்திருக்கிறது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. செவிலிமேட்டில் தனி வீடு பார்த்துக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னாள்: "அத்தை அதைக் கொன்னுட்டு எனக்கு இதைக் குடுத்துக்கிறாங்கன்னு தோணிக்கினே இருக்குதுமா. நான் எப்பிடி சந்தோஷமா இருக்கிறது, நீயே சொல்லு." மூட்டையை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அம்மா வாரம் தவறாமல் பஸ் பிடித்துப் போவாள். அண்ணி மரியாதை குறைக்கமாட்டாள், காப்பி கொடுப்பாள். குழந்தையை மட்டும், "தூங்குது அத்தை" என்று அறைக்குள் வைத்துக்கொள்வாள். உள்ளே அது கத்துவது வெளியே கேட்கும். அம்மா காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவாள். பிள்ளையார்பாளையத்து வீட்டிலோ, அப்பா இன்னமும் குழியைத் துழாவிவிட்டுத்தான் மிதித்தார். அதிகாலையில் சில நாள் எனக்கு டொக் டொக்கென்று கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால், அம்மா எனக்கு முன்பே எழுந்து, தொட்டி இருந்த மூலையில் நின்றுகொண்டிருப்பாள்.

அம்மா போய்ச் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் மகள் தோளில் ஒரு பல்லி விழ, வீல் என்று கத்தினாள். அப்பா அத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"தோள்ல வுழுந்ததுக்கா இந்தக் கத்து? ஒங்க ஆயாவுக்கு உச்சந்தலையிலயே வுழுந்துச்சு, அந்த அமாவாசை அன்னிக்கு."

"எந்த அமாவாசை மாமா?" என்றாள் அண்ணி.

"அதாம்மா, கச்சப்பன் செத்த அன்னிக்கு. காலைல வெளக்கேத்திக்கினு இருந்தவ தலைல வுழுந்துச்சு. தலைல வுழுந்தா சாவுன்னுவாங்க இல்ல? பயந்துக்கினே இருந்தா. சாயங்காலம் பாத்தா அது செத்துக் கெடக்குது. எனக்கு வந்ததை அது வாங்கிக்கினு போயிடுச்சேன்னு ஒரே அழுகை. மறுநாள் நான்தான் போய்ப் பல்லியத் தொட்டுட்டு வான்னு அனுப்பினேன். மருமவ கிட்ட சொல்லாதய்யா, கொழந்தைக்கு ஏங்கிக்கினு இருக்குற பொண்ணு, பயந்துக்கும்னா. சொல்லல."

அப்பா இதை ஒரு சாதாரண ஊர்க்கதை போலத்தான் சொன்னார். இத்தனை வருஷம் நாங்கள் எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது. அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ அதுக்கு என்னாதான் ஆச்சு மாமா?"

"யாருக்குமா தெரியும்."

எங்கள் தெருவில் பிள்ளை பிறந்தால் முதல் மாதம் குளிப்பாட்ட அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கை நீவிவிடுவாள். அப்படி அவள் காலில் கிடந்த பிள்ளைகள் வளர்ந்து, அம்மா போன அன்று அவளைத் தூக்கிக்கொண்டு போக வந்திருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் அந்தக் காலில் கிடந்தவர்கள். அண்ணியின் மகளை மட்டும் அம்மா ஒரு நாளும் குளிப்பாட்டியதில்லை.