ஆறாவது கொடி

எங்கள் பி.டி. சார் பொய் சொன்னார். நான் ஒன்பதாவது படிக்கும்போது, வண்டலூரைத் தாண்டி ஒரு முள்காட்டின் ஓரத்தில், பன்னிரண்டு பிள்ளைகள் முன்னால் சொன்னார்.

அந்தக் காலையை நினைத்தால் வியர்வையில் நனைந்த காகித வாசனைதான் முதலில் வருகிறது. ஓரியன்டியரிங் என்ற விளையாட்டு இங்கே பலருக்குத் தெரியாது. கையில் வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்து, இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள்; படத்தில் வட்டமிட்ட இடங்களில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணிக்கொடி தொங்கும்; அதோடு கட்டியிருக்கும் "பஞ்ச்"சால் அட்டையில் அந்தக் கொடிக்கான கட்டத்தில் ஓட்டை குத்திக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு பஞ்சும் ஒவ்வொரு விதமாகக் குத்தும். போனதற்கு அதுதான் சாட்சி. மாவட்ட அணிக்கு அன்று நான்கு பேரை எடுப்பதாக இருந்தது. வேறு எந்த விளையாட்டிலும் என்னை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. இதில் ஆள் துணை தேவையில்லை.

ஐந்து கொடிகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆறாவது, ஒரு பாறைக்கும் இடிந்த சுவருக்கும் நடுவில். பாறை இருந்தது, சுவர் இருந்தது, கொடி இல்லை. மூன்று முறை ஐந்தாவது கொடிக்கே திரும்பிப்போய் அடி எண்ணி வந்தேன். காலெல்லாம் முள். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஒரே ஆளான தீபா வந்து ஒரு சுற்றுப் பார்த்தாள். "அஞ்சாவதுலயே இன்னொரு தபா குத்திக்கினு வாடி. இவரு இன்னா பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறாரு?" என்று சிரித்துவிட்டு ஓடினாள். நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

ஓட்டம் முடிந்து எல்லாரும் சாரிடம் அட்டையைக் கொடுத்தோம். மற்ற பதினோரு அட்டைகளிலும் ஐந்தாம் கட்டத்திலும் ஆறாம் கட்டத்திலும் ஒரே மாதிரி ஓட்டை. சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். என் அட்டையை மட்டும் தூக்கிப் பிடித்தார்.

"என்னம்மா, எல்லாருக்கும் கெடச்சது உனக்கு மட்டும் ஓடிப்போச்சா? நீ அங்க போகவே இல்ல."

"கொடியே இல்ல சார்."

"என் கையால கட்டினேன்."

அட்டைகளை வைக்கப் பையைத் திறந்தார். உள்ளே சுருட்டியபடி ஆரஞ்சுத் துணி, அதோடு பஞ்ச், அதில் ஆறு என்ற எண். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். ஜிப்பை இழுத்து மூடினார். நான் தீபாவைப் பார்த்தேன். அவள் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

அணியில் தீபா இருந்தாள், நான் இல்லை. திரும்பி வரும்போது வேனில் அவள் பின்சீட்டுக்குப் போய்விட்டாள். "ஏய் காலி கட்டம், பாத்ரூம் எங்க கீதுன்னு மேப் வேணுமா?" என்று பத்தாவது முடியும்வரை கேட்டார்கள். தனியாகச் சாப்பிட்டேன். வீட்டில் சொன்னால் அம்மா, "ஊரோட ஒத்துப் போனா இன்னா கொறஞ்சிடும்?" என்றார்.

போன மாதம் அங்கே போனேன். காடு இல்லை, பாறை இல்லை, சுவரும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடம், கேட், "யாரைப் பாக்கணும்?" என்று கேட்ட காவலாளி. என் பக்கம் சாட்சி சொல்ல இருந்த இடமும் போய்விட்டது.

வரும் ஞாயிறு பழைய மாணவர்கள் உங்களுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள், சார். அழைப்பிதழை வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் தீபா. நானும் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன். மைக் உங்கள் கையில் இருக்கும். ஆறாவது கொடி அன்றைக்கு எங்கே இருந்தது? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.