ஓடாத எஞ்சினுக்கு நாலு தேசிக்காய்

போன கிழமை மகன் மின்சாரக் கார் வாங்கி வந்தான். மனைவி வழக்கம்போல நாலு சில்லுக்கடியிலும் எலுமிச்சை வைத்தாள்; எங்களுக்கு அது தேசிக்காய். கார் நகர்ந்ததே தெரியவில்லை. நசிந்த மணம்தான் சொன்னது. அந்த மணத்தோடு கரிப்புகையும் வர வேண்டுமே என்று என் மூக்கு தேடியது. சிரிக்காமல் கேளுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். நாங்கள் குடியேறிய மிச்சம் என்ற ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் பீட்டர், மனைவியை இழந்த கிழவர். பின்வளவுக் கொட்டிலில் ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பார். தண்டவாளம் இல்லாத சின்ன ரயில் எஞ்சின் என்று வையுங்களேன். ஆளுக்கு இருதய வருத்தம், பாரமான வேலை கூடாது. எஞ்சினை விற்றுவிடச் சொல்லி அவர் மகள் நச்சரித்தாள். கடைசியில், பழைய இயந்திரக் கண்காட்சியில் பாரச் சோதனை வைப்பது, தாங்காவிட்டால் விற்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

குரொய்டன் தாண்டி ஒரு புல்வெளி. இடியப்பப் பார்சலோடு நாங்களும் போனோம். எஞ்சினை நிறுத்திய கையோடு மனைவி கைப்பையைத் திறந்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டூட்டிங் கடையில் மரக்கறி அடுக்குகிற நான், பெரிய எஞ்சினியர் மாதிரி அவளுக்கு விளக்கினேன்: சில்லுக்குக் கட்டை கொடுத்துவிடுவார்கள், எஞ்சின் நின்ற இடத்திலேயே பெல்ட்டால் ஒரு பிரேக் மெஷினைச் சுழற்றும், அதை இறுக்க இறுக்க வேகம் விழக்கூடாது.

"இது ஓடாதப்பா," என்றேன்.

"இழுக்குமெல்லோ? வெளிக்கிட முதல் வைக்கத்தான் வேணும்," என்று, புறப்படுகிற எதற்கும் வைப்பதுபோல, நாலையும் வைத்தே விட்டாள். பீட்டர் தொப்பியைக் கழற்றினார்.

பிரேக்கை இறுக்கினார்கள். எஞ்சினின் பக்கவாட்டில் சுழன்ற பெரிய சக்கரம் வேகம் தளர்ந்தது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பீட்டர் ஆவியை இன்னும் திறந்துவிட்டார். புகைபோக்கி இருமி இருமி, சக்கரம் மெல்லப் பழைய வேகத்துக்கு ஏறி, அந்த வேகத்திலேயே நின்று பிடித்தது. தாங்கிவிட்டது என்று பிரேக் மெஷின்காரர் கையைத் தூக்கினார். மகள் ஓடிப்போய்த் தகப்பனைக் கட்டிக்கொண்டாள்.

தேசிக்காய் நாலும் வைத்தபடியே கிடந்தன. பீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டைகளை எடுக்கச் சொன்னார். தேசிக்காய்களின் மேல் எஞ்சினை ஒருமுறை ஏற்றி இறக்கினார். வீடு வரைக்கும் எங்கள் உடுப்பில் கரியும் தேசிக்காயும் மணத்தன.

சில வருடங்களில் பீட்டர் போய்விட்டார். மகளுக்கு எஞ்சினை வைத்திருக்க வசதியில்லை. லொறி வந்த அன்று மனைவி தேசிக்காயோடு வாசலில் நின்றாள். நெருப்பில்லாத எஞ்சினைக் கம்பி பூட்டி ஏற்றினார்கள். அவள் வைக்கவில்லை.

"வெளிக்கிடுறதுக்குத்தானப்பா தேசிக்காய். இது ஒரேயடியாப் போகுது," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

கொட்டில் இருந்த இடத்தில் இப்போது சீமெந்து போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் வேலியில் அந்தக் கரி படிந்த பலகை ஒன்று இருந்தது. போன வருடம் அதையும் மாற்றிவிட்டோம்.