எழுந்து நின்று கேட்ட மீன்காரிப் பாட்டு

நாடகத்துக்குப் பிந்திப் போகிறவர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. "முதல் பாட்டுத்தானே, போனால் போகட்டும், கதை பிறகுதான் தொடங்கும்" என்று சொல்லிக்கொண்டு வந்து, மற்றவர்களின் காலை மிதித்து மிதித்துத் தங்கள் கதிரையைத் தேடுவார்கள். பிடித்து நாலு உலுப்பு உலுப்ப வேண்டும் போல இருக்கும். முதல் பாட்டு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் அது என்னுடையதாக இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் தண்ணீரூற்று என்ற எங்கள் ஊரிலிருந்து முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு வந்து படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓர் ஆங்கில ஆசிரியை வந்தார். கணவருக்கு இந்தப் பக்கம் மாற்றம் கிடைத்ததால் கொழும்பை விட்டு வந்தவர். கடற்காற்றில் தலைமயிர் பிசுபிசுக்கிறது என்பதைத் தவிர வேறு குறை சொல்லமாட்டார். நாங்கள் அவரை மிஸ் என்போம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆடிய சிரிப்பு இசைநாடகங்கள் என்றால் அவருக்கு உயிர். தான் படித்த கல்லூரியில் மேடையேற்றிய ஒன்றைப் பரிசளிப்பு விழாவுக்கு எங்களைக்கொண்டு ஆடுவிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பியானோவுக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை வேலை செய்யாது. அந்தக் கட்டைகளை விட்டு விட்டு வாசித்தார்.

அந்த நாடகங்களுக்கு ஒரு முறை இருக்கிறது என்று மிஸ் முதல் நாளே சொல்லித் தந்தார். திரை விலகும்போது நாயகனும் வரமாட்டான், நாயகியும் வரமாட்டாள். பிரபுவோ நீதிபதியோ தளபதியோ ஒருவரும் வரமாட்டார்கள். முதலில் மேடையில் நிற்பது கூட்டம். மாலுமிகளோ, வேலைக்காரப் பெண்களோ, காவற்காரர்களோ, யாராவது ஒரு கூட்டம். அவர்கள் சபையைப் பார்த்து, நாங்கள் இன்னார், எங்கள் தொழில் இது, எங்கள் தொல்லை இது என்று தங்களைப் பற்றித் தாங்களே பாடுவார்கள். அதைப் பாடி முடித்த பிறகுதான் பெரிய ஆட்கள் மேடைக்கு வரலாம்.

எனக்கு அதைக் கேட்டதும் எழும்பித் துள்ள வேண்டும் போல இருந்தது. எங்கள் பக்கத்துக் கூத்திலும் வரவுப் பாட்டு உண்டு. ஆனால் ராசா வருகிறார் என்றால் கட்டியகாரன் முன்னால் வந்து ராசாவைத்தான் புகழுவான். பிறகு ராசா வந்து தன்னைத் தானே இன்னொரு முறை புகழுவார். ராசாவின் ஊரில் மாடு மேய்க்கிறவர்கள், நெல்லுக் குத்துகிறவர்கள், அவர்கள் யார் என்று ஒருவரும் பாடி நான் கேட்டதில்லை. மிஸ் எடுத்த நாடகத்தில் பார்த்தால் மீன் விற்கிறவள் முதலில் வாய் திறக்கிறாள், பிரபு திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கிறார்! எவன் எழுதினானோ, அவன் நல்லாயிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாயகியாக நடித்தவள் ஓர் உத்தியோகத்தரின் மகள். பொய் சொல்லக் கூடாது, அவளுக்கு நல்ல குரல். அவளோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. தண்ணீரூற்றிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் வந்து படித்த நாங்கள் கூட்டம். கடற்கரைக் கிராமத்து மீன்காரிகளாக வந்து தொடக்கப் பாட்டைப் பாடினால் எங்கள் வேலை ஏறக்குறைய முடிந்தது. பிறகு பின்னால் நின்று, மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே எங்களுக்கு அந்த ஒரு பாட்டுத்தான் நாடகம்.

பாட்டின் சாரம் இப்படி: நாங்கள் கரையோரத்துப் பெண்கள். காலையில் மீன் கொண்டு வருகிறோம், மாலையில் மனசைக் கொண்டு வருகிறோம். மீனுக்கும் பேரம் பேசுகிறார்கள், மனசுக்கும் பேரம் பேசுகிறார்கள். இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாடிப்போயிற்று என்கிறார்கள். ஒவ்வோர் அடி முடிவிலும் இடுப்பில் இருக்கும் பனையோலைக் கடகப் பெட்டியை ஒரு வெட்டு வெட்டி ஆட்டி, சபையைப் பார்த்துக் கண்ணடிக்க வேண்டும். கண்ணடிக்கப் பழகுவதற்கே எங்களுக்குப் பல நாள் பிடித்தது. கண்ணை மூடினால் எங்களுக்கு வாயும் சேர்ந்து மூடிக்கொண்டது. கடகங்கள் கரையிலிருந்து இரவல் வாங்கியவை. தேசிக்காய்த் தோல் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. அந்த மணத்தோடு, அர்த்தம் முழுதும் விளங்கின ஆங்கிலத்தில், நாங்கள் யார் என்று பாடினோம். வீட்டிலும் நான் அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். என்ன பாட்டு என்று அம்மா கேட்டால், மேடையில் வந்து பாருங்கோ என்று சொல்லி வைத்தேன்.

பரிசளிப்பு விழாவுக்குப் பெற்றோரை அழைக்கவில்லை. மண்டபத்தில் இடம் போதாதாம். அவர்களுக்கென்று அடுத்த சனிக்கிழமை பின்னேரம் இன்னொரு முறை ஆடலாம் என்று அதிபர் முடிவு செய்திருந்தார். பெற்ற தாய் தகப்பனுக்கு வாங்குப் பலகையில்கூட இடமில்லாத மண்டபத்தில் உத்தியோகத்தர்களுக்கு முன்வரிசையில் மெத்தைக் கதிரை போட்டார்கள். பிரதம விருந்தினர் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் உயர்பதவியிலிருந்த ஒரு பெரியவர். குத்துவிளக்கு ஏற்றி, எல்லோரும் எழுந்து நின்று தேவாரம் பாடி, திரும்பக் கதிரையில் இருந்து எவ்வளவோ நேரம் கழித்துத்தான் அவருடைய கார் வந்தது. மாலை போட்டார்கள், கதிரையில் இருத்தினார்கள். மிஸ் ஆர்மோனியத்தில் கை வைத்தார். திரை விலகியது.

நாங்கள் முதல் அடியை எடுத்தோம். பெரியவர் எழுந்து நின்றார்.

இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, தலையைச் சற்றுக் குனிந்து, அசையாமல் நின்றார். விழாவில் முதலில் பாடுவது கடவுள் வாழ்த்துத்தானே, அவர் அப்படி நினைத்துவிட்டார். அதில் எனக்குக் கோபமில்லை. பிந்தி வந்த மனிதன், தேவாரம் முடிந்தது அவருக்கு எப்படித் தெரியும்? என்னுடைய கோபமெல்லாம் மற்றவர்களில். பெரியவர் எழுந்தபடியால் பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எழுந்தார். கடைசி வாங்குவரை எழுந்து நின்றார்கள். தேவாரம் பாடின வாய் காயுமுன்னே எழுந்து நின்றார்கள்! பெரியவர் நிற்கும்போது கதிரையில் இருக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. எங்கள் அதிபரும் நின்றார். அந்தப் பாட்டை ஒத்திகையில் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர், இப்போது கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

நாங்கள் என்ன செய்வது? படிப்பித்தபடி கடகத்தை வெட்டினோம். கண்ணடித்தோம். செத்த வீட்டில் நிற்கிறது போல சபை நின்றது. ஒரு சிரிப்பில்லை, ஒரு செருமலில்லை. பாட்டோ விட்டு விட்டு வரும் பாட்டு. ஓர் அடி முடிந்ததும் பெரியவர் இருக்கப் போவார், முழங்கால் மடியும்போது பல்லவி திரும்ப வரும், அவர் நிமிருவார், சபையும் அவரோடு சேர்ந்து மடிந்து நிமிரும். எனக்குப் பக்கத்தில் நின்றவள் அழுதுகொண்டே கண்ணடித்தாள்.

நாடகம் முடிந்த பிறகு பெரியவர் பேசினார். பிள்ளைகள் தொடக்கத்தில் பாடிய பிரார்த்தனைப் பாடல் தன் மனதை உருக்கிவிட்டதாகச் சொன்னார். அதிபர்தான் முதலில் கைதட்டினார்.

சரி, சனிக்கிழமை ஆட்டம் இன்னும் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள், மீன் பேரம் எங்கள் ஆட்களுக்கு விளங்கும், பாட்டின் கருத்தை முதலே தமிழில் சொல்லிவிடுவதாக மிஸ்ஸும் சொல்லியிருந்தார். அடுத்த நாள் நாங்கள் கடகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் அதிபர் மிஸ்ஸோடு கதைப்பது கேட்டது.

"மிஸ், சனிக்கிழமை அந்த முதல் பாட்டை விட்டுவிடுங்கோ."

சனம் எழும்பி நிற்கும் என்று பயமென்றால் இருக்கச் சொல்லி முதலே அறிவிக்கலாமே என்றார் மிஸ். அதிபர் குரலைத் தாழ்த்தினார்.

"அதில்லை மிஸ். பெரியவர் அதைப் பிரார்த்தனை எண்டு மேடையிலை சொல்லிப்போட்டார். இப்ப நாங்கள் அதை மீன் விக்கிற பாட்டெண்டு சொல்லி ஊர்ச்சனத்தைச் சிரிக்க வைச்சால், அவருக்கு என்ன மரியாதை?"

இதைக் கேட்டுவிட்டு மிஸ் ஏதாவது சொல்லுவார் என்று நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம். இந்த நாடகங்களின் முறையைச் சொல்லித் தந்தவர் அவர்தானே. கூட்டம் பாடாமல் பெரிய ஆள் வரக்கூடாது என்று மேசையில் தட்டித் தட்டிப் படிப்பித்தவர். அவர் சரி என்றார். எங்களிடம் வந்து, பாட்டுத்தான் இல்லை, ஆனால் நீங்கள் எல்லோரும் மேடையில் நிற்பீர்கள், கவலைப்படாதேங்கோ என்று தேற்றினார். அதிபரைக்கூட நான் மன்னித்துவிடுவேன், அவர் எப்போதும் அப்படித்தான். மிஸ் சொன்ன அந்தச் சரியை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெரிய மனிதன் தவறி எழுந்து நின்றதை மறைப்பதற்கு, நாங்கள் யார் என்று சொல்கிற ஒரே ஒரு பாட்டை வெட்டி எறிந்தார்கள். அவரோ சனிக்கிழமை வரப்போவதுமில்லை!

சனிக்கிழமை ஐயாவும் அம்மாவும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். வயலில் களை பிடுங்குகிற நேரம், அதை விட்டுவிட்டு வந்தார்கள். பின்னேரத்து நாடகத்துக்கு மத்தியானத்துக்கு முன்னமே வந்து, மண்டபம் திறக்கும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். அம்மா கலியாண வீட்டுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தா. பாட்டு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

திரை விலகியது. நாயகி தனியே வந்து பாடினாள். இது எந்த ஊர், இவள் யார், பின்னால் கடகத்தோடு வரிசையாக நிற்கிற பெட்டைகள் எதற்கு நிற்கிறார்கள், சபைக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களுக்குச் சிரிக்கச் சொன்ன இடங்களில் சிரித்தோம். முன்வரிசையில் ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்போது பாடுவேன் என்று காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசித் திரை விழும்வரை அவர் அப்படியே காத்திருந்தார்.

திரும்பி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வண்டியில் அம்மா மெல்லக் கேட்டா.

"நீங்களெல்லாம் ஏன் பிள்ளை கடகத்தோடை பின்னாலை நிண்டனீங்கள்? ஏதும் பிழை செய்துபோட்டீங்களோ?"

தண்டனைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அம்மா நினைத்திருக்கிறா! அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. பெரியவர் எழுந்து நின்றதிலிருந்து அதிபர் குரலைத் தாழ்த்தியது வரை எல்லாவற்றையும் கொட்டினேன். ஐயா மாட்டைத் தட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பரவாயில்லை, அந்தப் பாட்டை இப்போது பாடு, நாங்கள் இரண்டு பேரும் கேட்கிறோம் என்றார்.

"ஏலாது ஐயா," என்றேன். "அது எல்லாருக்கும் முதல் பாடுற பாட்டு. எல்லாம் முடிஞ்சாப் பிறகு பாடேலாது."

ஐயா திரும்பிப் பார்க்கவில்லை.

"எல்லாருக்கும் முதல் வந்து குந்திக்கொண்டு இருந்தது நாங்கள்தானே, பிள்ளை," என்றார்.

நான் பாடவில்லை. வீடு வரும்வரை அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.