தார்ப்பாய்க்குள் பூண்டு

மலைக்கிராமமான பூண்டியில் பிறந்து பல வருடம் சரக்குக் கப்பலில் ஓடிய எனக்குப் புயலில்கூடத் தூக்கம் கெட்டதில்லை. பூண்டு ஏற்றுமதியில் இறங்கிய பிறகு தூறலுக்கே கெடுகிறது. எங்கள் விளைச்சல் முழுவதும் லாரியில் தூத்துக்குடிக்குக் கிளம்பியதும் தம்பிக்குப் போன் போட்டேன்.

“காத்து போக இடம் விட்டியாடா?”

“மழை வருதுண்ணே. தார்ப்பாய் போட்டு இறுக்கிட்டேன். நீங்க சொல்லிக்குடுத்த கப்பல் முடிச்சுதான்.”

காற்றில்லாமல் வேர்த்தால் பூண்டு அழுகிவிடும். எனக்கு அதற்குள் வேர்த்துவிட்டது. ஜீப்பில் துரத்தி வத்தலக்குண்டில் லாரியை மடக்கினேன். மழையில் நனைந்து இறுகிய என் முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை.

“தள்ளுங்க, கப்பல்காரரே” என்று டிரைவர் கயிற்றை அறுத்தார்.

மூட்டைக்குள் கைவிட்டேன். பூண்டு வேர்த்துப்போய்ச் சுட்டது.

தம்பி போனில், “எப்டிண்ணே கெடக்கு?” என்றான்.

“முடிச்சு பிரமாதம்டா” என்றேன்.