அளவுகோலின் சிவப்புப் புள்ளி

ஆய்வகத்தில் செல்களை எண்ணும் அவருக்குப் பட்டப்பெயர் ‘அளவுகோல்’. இருபத்தாறு வருஷமாக, நோயாளியின் செல்களுக்குச் சாயமேற்றும்போதெல்லாம் கூடவே, சாயத்தைச் சரிபார்க்க, அளவுகோலின் ரத்தத்துக்கும் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால், ஆணின் செல் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சை, ஒரு சிவப்பு என இரண்டு புள்ளிகள் மின்ன வேண்டும். பச்சை எக்ஸ் குரோமோசோம், சிவப்பு ஒய். அவர் ரத்தம் சரியாக வந்தால்தான் நோயாளியின் முடிவை நம்புவார்கள்.

அன்று ஒரு புராஸ்டேட் கட்டியில் பாதிச் செல்களுக்குச் சிவப்பைக் காணோம். அளவுகோலின் செல்களைப் பக்கத்து மேசைக்காரி எண்ணினாள். அதிலும் இருநூறுக்கு எழுபதில் இல்லை.

“சாயம் கெட்டுப்போச்சு, தங்கச்சி.”

“அப்ப ரிப்போர்ட் குடுக்க முடியாது, அண்ணே. அந்த மனுஷனுக்கு மறுபடி ஊசி குத்திச் சதை எடுக்கணும்.”

முதல் ஊசிக்கே இரண்டு நாள் சிறுநீர் போகாமல் துடித்தவர் அந்த நோயாளி.

அளவுகோல் மறுபடி குனிந்து பார்த்தார். கெட்ட சாயமென்றால் எல்லாச் செல்லிலும் மங்கியிருக்கும். இங்கே ஒன்றில் சிவப்பு ஜொலித்தது; அடுத்ததில் அறவே இல்லை. அவருக்குச் சுருக்கென்றது. இரண்டு மூன்று வருஷமாகவே தன் ரத்தத்தில் சிவப்பில்லாத செல் வந்தால், ‘சாயம் பிடிக்கல’ என்று கணக்கில் சேர்க்காமல் தாண்டியிருந்தார்.

“தங்கச்சி, தப்பு சாயத்துல இல்ல. என் மேல.”

“என்னண்ணே உளறுறீங்க?”

“நம்ம ஆஸ்பத்திரி லிப்ட்காரருக்கு என்ன வயசு?”

“முப்பது இருக்கும். கேட்டா இருபத்தஞ்சும்பாரு.”

லிப்ட்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார். அதே சாயம், மறுநாள் அவர் செல்களில் சிவப்பு ஒன்றுகூடக் குறையவில்லை.

டாக்டரம்மா மூன்றையும் பார்த்தார். “வயசாக ஆக ஆம்பளைங்க ரத்தத்துல ஒய் இப்படித் தொலையும். சிகரெட் பிடிச்சா இன்னும் அதிகம்.”

“விட்டுப் பத்து வருஷமாச்சு, மேடம். எனக்கும் கட்டியா?”

“இத வச்சு அப்படிச் சொல்ல முடியாது. கட்டியில தொலையறது வயசாலயா, கட்டியாலயான்னே இன்னும் தேடிட்டுதான் இருக்காங்க.”

நோயாளியின் ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்தது. இன்னொரு ஊசி தேவைப்படவில்லை.

“இனிமே லிப்ட்காரர்தான் அளவுகோலு,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. “உங்களுக்கு வேற பேரு பாக்கணும்.”

“பாரு, பாரு.”

அவர் காதில் அது பாதிதான் விழுந்தது. உறைபெட்டியில் வருஷத்துக்கு ஒரு குப்பியாக அவருடைய பழைய செல்கள் இருந்தன. சிவப்பு எப்போதிலிருந்து தொலைகிறது என்று பார்க்க, ஐம்பதாவது வயதுக் குப்பியை எடுத்துச் சாயமேற்றினார். மறுநாள் காலை நாற்காலியை இழுத்துப் போட்டு எண்ணத் தொடங்கினார், இந்த முறை ஒன்றைக்கூடத் தாண்டாமல்.